ஹீலியோஸும் டாக்குமாரும் சோனியில்: வளையங்களைச் சரிசெய்த கதை

சோனி இசட்வி-இ10 கேமராவோடு வரும் 16-50 கிட் லென்ஸில் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நாம் திருப்புவதை ஒரு சென்சார் கவனித்து மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்தும். மெதுவாகத் திருப்பினால் ஒரு அளவு, வேகமாகத் திருப்பினால் வேறு அளவு. முகத்திலிருந்து கைக்கு ஃபோகஸை இறக்கிவிட்டுத் திரும்ப முகத்துக்கு வந்தால், முன்பு நின்ற இடத்தில் முகம் இருக்காது. போட்டோ எடுப்பவருக்கு இது தலைவலியே இல்லை. ஆட்டோஃபோகஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் பவானியில் ஜமக்காளத் தறிகளைப் படம்பிடிக்க ஆரம்பித்தபோது, குறுக்கு நூலை இழுத்துச் செல்லும் நாடா ஓடும் ஒவ்வொரு முறையும் ஆட்டோஃபோகஸ் நெசவாளரின் முகத்தை விட்டுவிட்டு நாடாவின் பின்னாலேயே ஓடியது. மேனுவலுக்கு மாற்றினால் மேலே சொன்ன கதை.

பழைய லென்ஸ் பக்கம் நான் போன காரணம் இதுதான். 'சினிமா லுக்', சுழலும் பின்னணி, ஓவியம் போன்ற மென்மை என்று இணையத்தில் சொல்வதெல்லாம் அப்புறம். 1960களிலும் 70களிலும் வந்த ஒரு மேனுவல் லென்ஸில் வளையத்தைத் திருப்பினால், உள்ளே இருக்கும் மரை சுழன்று, கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்னும் பின்னும் நகரும். இரண்டு முனையிலும் கட்டாயமாக நின்றுவிடும். ஒன்றரை மீட்டர் என்று குறித்த இடத்தில் இன்றைக்கும் ஒன்றரை மீட்டர், நாளைக்கும் ஒன்றரை மீட்டர். வீடியோ எடுப்பவருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை கண்ணாடியைப் பற்றியவை இல்லை, வளையங்களைப் பற்றியவை.

கைக்கு வந்த லென்ஸ்கள் இரண்டு. ஒன்று ஹீலியோஸ் 44-2, 58 மிமீ, எஃப்/2 (எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஸெய்ஸ் பயோட்டார் வடிவமைப்பைப் பின்பற்றி சோவியத் ஒன்றியத்தில் லட்சக்கணக்கில் செய்து குவித்த லென்ஸ். இந்த லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பொதுவாகத் தயாரித்த ஆண்டைச் சொல்லும். என்னுடையது 78 என்று தொடங்குகிறது. இன்னொன்று அசாஹி பெண்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 55 மிமீ, எஃப்/1.8. இரண்டுமே கேமராவில் திருகி மாட்டும் எம்42 என்ற திருகுமரை மவுண்ட், அதாவது 42 மிமீ விட்டம், 1 மிமீ புரி இடைவெளி. கடையை மூடிய ஒரு ஸ்டூடியோ அண்ணன் அலமாரியில் கிடந்தவை. இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

வாங்கும் முன் என்ன பார்ப்பது? எல்லோரும் டார்ச் அடித்துப் பூஞ்சையைத் தேடுவார்கள். தேட வேண்டியதுதான். பூஞ்சை பரவும், நாளாக நாளாக மேற்பூச்சைத் தின்றும்விடும். ஆனால் ஓரத்தில் ஒரு சிறு நூல் போலப் படர்ந்திருப்பது, எதிர்வெளிச்சம் இல்லாதவரை, வீடியோவில் தெரியவே தெரியாது. உள்ளே நாலு தூசி, முன் கண்ணாடியில் மெல்லிய கீறல், இவையும் அப்படித்தான். திறப்பைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இலைகளில் எண்ணெய் இருப்பது போட்டோக்காரருக்குப் பெரிய குறை. ஷட்டர் விழும் நொடிக்குள் இலைகள் பாய்ந்து மூட வேண்டுமே. நாம் கையால் மெதுவாக மூடப் போகிறோம், எண்ணெய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் குறைகளைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், வாங்குங்கள். வேண்டாம் என்று வைக்க வேண்டியது எது தெரியுமா? கீழே விழுந்து வளையம் நசுங்கியது, பாதி வழியில் சிக்குவது, முன்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடுவது. கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டு ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் அதையும் விட்டுவிடுங்கள், வீட்டில் வைத்துச் சரிசெய்யும் வேலை அல்ல அது.

சரி, அடாப்டர். எம்42 லென்ஸின் பின்தளத்திலிருந்து பிலிமுக்கு இருக்க வேண்டிய தூரம் 45.46 மிமீ. சோனி இ-மவுண்டில் சென்சாருக்கு 18 மிமீ. மிச்சம் 27.46 மிமீ. அந்த நீளத்துக்கு நடுவில் ஒன்றுமில்லாத ஒரு குழாய், அவ்வளவுதான் அடாப்டர். கண்ணாடி எதுவும் தேவையில்லை. மிரர்லெஸ் கேமராக்களில், அதாவது டிஎஸ்எல்ஆர் போல உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதவற்றில், பழைய லென்ஸ் இவ்வளவு சுலபமாகப் பொருந்தக் காரணம் இந்த மிச்ச இடம்தான். நிக்கான் எஃப் மவுண்ட் டிஎஸ்எல்ஆரில் அந்த இடம் இல்லை. அதன் தூரம் 46.5 மிமீ, எம்42வைவிட அதிகம். மாட்டினால் தொலைவில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. கேனான் இஎஃப் 44 மிமீ என்பதால் அதில் மெல்லிய ஒரு வளையமே போதும்.

விலை மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்கிறார்கள். நீளமாகிவிட்டால் முடிவிலியில், அதாவது வெகு தொலைவில், ஃபோகஸ் கிடைக்காமல் வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். குட்டையாக இருந்தால் முடிவிலியைத் தாண்டியும் வளையம் சுழலும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வீடியோவில்தான் இது உறுத்தும். டிஜிட்டல் வெர்னியரில் என் அடாப்டர் 27.36 காட்டியது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறை. அற்பமாகத் தெரியும், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 55 மிமீ லென்ஸில் இந்தக் குறை இருந்தால், வளையம் 30 மீட்டரைக் காட்டும்போதே முடிவிலி ஃபோகஸ் ஆகிவிடும். 28 மிமீ லென்ஸ் மாட்டினால் 8 மீட்டருக்கும் உள்ளேயே. தூர அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும், முனையில் நிற்கும் இடத்துக்கும் மதிப்பில்லை. அகலக் கோண லென்ஸ்களில் இது எவ்வளவு மோசமாகும் என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கணபதி பக்கம் தெரிந்த ஒரு அண்ணனிடம் 0.1 மிமீ தடிமனில் பித்தளை வளையம் கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். "இதுக்கு எதுக்குங்க தம்பி லேத்து? மோட்டார் அலைன்மென்ட்டுக்குப் போடுற ஷிம் தகடு ஹார்டுவேர் கடைல கிடைக்கும், கத்திரிக்கோல்ல வெட்டிக்கலாமுங்க" என்று அனுப்பிவிட்டார். அதேதான் வேலை செய்தது. அடாப்டரின் பின்பக்கத்தில் கேமராவோடு பூட்டும் பயோனெட் தகட்டைப் பிடித்திருக்கும் நாலு திருகையும் கழற்றி, தகட்டின் அடியில் ஷிம்மை வளைய வடிவில் வெட்டி வைத்து, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஷிம் கிடைக்காவிட்டால் குளிர்பான அலுமினியக் கேனும் ஏறக்குறைய அதே தடிமன்தான். அளந்துவிட்டு வெட்டுங்கள்.

அளவு சரியா என்று மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தேன். காலையில் காற்று தெளிவாக இருக்கும்போது மருதமலைப் பக்கம் மலை விளிம்பு பளிச்சென்று தெரியும். முடிவிலிக்கு அதைவிட நல்ல குறி கிடையாது. முதலில் மாட்டியது டாக்குமார். அதன் மரையை யாரும் திறந்ததில்லை என்பது திருகுத் தலைகளைப் பார்த்தாலே தெரிந்தது, அதனால் அதன் முடிவிலிக் குறியை நம்பலாம். முழுதாகத் திறந்து, வளையத்தை முனைவரை திருப்பி, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மலை விளிம்பு கூர்மை. அடாப்டர் சரி. இனி ஹீலியோஸைத் திறந்து மூடிய பின் இந்த அடாப்டரை வைத்தே அதன் முடிவிலியைச் சரிபார்க்கலாம். இந்த வரிசையை மாற்றினால் எது தப்பு, அடாப்டரா லென்ஸா என்று கண்டுபிடிக்க முடியாது.

அடாப்டரில் இன்னும் இரண்டு வேலை. கேமராவோடு பூட்டிய பின்னும் சிலது லேசாகச் சுழன்று ஆடும். ஃபோகஸ் திருப்பும்போது படம் ஒரு பக்கம் துள்ளுவது இதனால்தான். பயோனெட் நாக்குகளில் வெட்டியிருக்கும் மெல்லிய பிளவில் பிளேடு நுனியை விட்டு மிக லேசாக விரித்தால் ஆட்டம் நிற்கும். மெல்ல, மாட்டிப் பார்த்து மாட்டிப் பார்த்துச் செய்யுங்கள். அடுத்தது உள்பக்கம். முழு பிரேம் பிலிமுக்குச் செய்த லென்ஸ் விழுத்தும் ஒளிவட்டம் இந்தச் சிறிய சென்சாரைவிடப் பெரியது. மிச்ச வெளிச்சமெல்லாம் அடாப்டரின் பளபளப்பான உட்சுவரில் பட்டுச் சென்சாருக்கே திரும்பும். படம் வெளுத்துப் போய், 'பழைய லென்ஸ்னா அப்படித்தான்' என்று பலர் சொல்வதில் பாதி அடாப்டரின் குற்றம். பசையோடு வரும் கறுப்பு வெல்வெட் துணியை உள்ளே ஒட்டினேன். சன்னல் எதிரே வைத்து எடுத்த ஷாட்டில் கறுப்பு கறுப்பாகவே வந்தது.

இப்போது ஹீலியோஸ். இதில் வீடியோவுக்கென்றே செய்தது போன்ற ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்று எண்ணெண்ணாக டிக் டிக்கென்று நிற்கும், அது எல்லையை மட்டும் நிர்ணயிக்கும். இன்னொன்று எஃப்/2க்கும் அந்த எல்லைக்கும் நடுவே சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுழலும். எல்லையை எஃப்/16இல் வைத்துவிட்டால், இரண்டாவது வளையத்தில் முழு வீச்சும் ஒரே சீராகக் கிடைக்கும். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பெரிய சினிமா லென்ஸில் காசு கொடுத்து வாங்கும் வசதி இது.

அதன் ஃபோகஸ்தான் பிரச்சினை. நாற்பது வருடத்துக்கும் மேலான கிரீஸ் காய்ந்து, ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் வெறும் உலோகம் உரசுவது போலவும் இருந்தது. திறந்தாக வேண்டும். ஃபோகஸ் வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று சிறு தலையில்லாத் திருகுகள் அசையவில்லை என்றால் வலு கொடுக்காதீர்கள். திருகின் பிளவு நசுங்கிவிட்டால் கதை முடிந்தது. பல் குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி அசிட்டோன் வைத்துப் பூட்டியிருக்கும் வார்னிஷை இளக்க வேண்டும், பக்கத்தில் உள்ள பெயின்ட்டில் படாமல். வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் திருப்புளி செட்டில் பிளவுக்குச் சரியாக நிறையும் முனையைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடித் தொகுதி முழுதாக வெளியே வந்துவிடும். கண்ணாடி ஒவ்வொன்றையும் பிரிக்கத் தேவையே இல்லை. துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு மரைக்குப் போகலாம்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஹெலிக்காய்டு, அதாவது ஃபோகஸை நகர்த்தும் அந்த மரைக்குத் தொடக்கம் பல. பாட்டில் மூடி மாதிரி எந்த இடத்தில் வைத்துச் சுற்றினாலும் ஏறிக்கொள்ளும், ஆனால் சரியான இடம் ஒன்றுதான். உள் உருளையும் வெளி உருளையும் பிரியும் அந்தக் கணத்தில் இரண்டிலும் நேராக ஒரு ஊசிக் கீறல் போட்டு, மொபைலில் வீடியோவும் எடுத்துக்கொண்டேன். பழைய கிரீஸ், அலுமினியத் துகளோடு கலந்து கரி நிறத்தில் வந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் போதும். புரி ஒவ்வொன்றிலும் குச்சியை ஓட்டி, துடைக்கும் துணியில் கறுப்பு படாத வரை தேய்த்தேன்.

புது கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று சொல்வேன், விலையில். அளவில் கஞ்சத்தனம் வேண்டும். சைக்கிள் கடைக் கிரீஸ், வாசலின் எல்லாம் நம் ஊர் ஏப்ரல் வெயிலில் உருகி எண்ணெயாகப் பிரிந்து, அப்பர்ச்சர் இலைக்கும் கண்ணாடிக்கும் ஏறிவிடும். ஹெலிக்காய்டுக்கென்றே விற்கும் டாம்பிங் கிரீஸ் சின்ன டப்பாவில் ஆன்லைனில் கிடைக்கிறது. லேசானது, கெட்டியானது என்று வகை உண்டு. போட்டோக்காரர்கள் லேசானதை எடுப்பார்கள், ஆட்டோஃபோகஸ் இல்லாத காலத்தில் அவர்களுக்கு வேகம் வேண்டியிருந்தது. நமக்குக் கெட்டியானதுதான். விரல் நடுக்கம் படத்துக்குப் போகாமல் கிரீஸ் விழுங்கிக்கொள்ளும், மரையில் இருக்கும் சிறு ஆட்டத்தையும் நிரப்பும். மெல்லிய படலமாகத் தடவி, கீறலுக்குக் கீறல் வைத்துச் சுற்றி, முழு வீச்சும் பலமுறை ஓட்டி, பிதுங்கி வந்ததைத் துடைத்தேன். பிறகு மாடிக்குப் போய், மலை கூர்மையாக வரும் இடத்தில் மரையை நிறுத்தி, ஃபோகஸ் வளையத்தின் முடிவிலிக் குறியை அங்கே கொண்டுவந்து மூன்று திருகையும் இறுக்கினேன். வளையம் இப்போது ஒரே கனத்தில் சுழல்கிறது.

டாக்குமாரின் பிரச்சினை நேர் எதிர். ஃபோகஸ் வளையம் வெண்ணெய். பெண்டாக்ஸ்காரர்கள் அன்றைக்கே அதில் பெயர் வாங்கியவர்கள், இத்தனை வருடம் கழித்தும் தொட வேண்டிய அவசியமே இல்லை. அப்பர்ச்சர் வளையம்தான் டிக் டிக். ஷாட்டின் நடுவே திருப்பினால் வெளிச்சம் படிப்படியாகத் துள்ளும், மைக்கிலும் விழும். உள்ளே ஒரு சிறு எஃகுக் குண்டு, ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து வளையத்தின் குழிகளில் விழுவதால் வரும் சத்தம் அது. பின்பக்க மவுண்ட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளைக் கழற்றி, மவுண்ட்டை எடுத்து, அப்பர்ச்சர் வளையத்தைத் தூக்கினால் குண்டு தெறிக்கும். அதனால் முழு வேலையையும் ஒரு பெரிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்தேன். குண்டையும் ஸ்பிரிங்கையும் ஒரு டப்பாவில் போட்டு லென்ஸ் பெயர் எழுதி வைத்தாயிற்று. நாளைக்கு யாராவது பிலிம் கேமராவுக்குக் கேட்டால் திருப்பிப் போட்டுவிடலாம். குண்டு போனதும் வளையம் ரொம்பவும் லேசாகிவிடும், சட்டை பட்டாலே நகரும். உரசும் தளத்தில் மட்டும் ஊசி முனையளவு கெட்டிக் கிரீஸ் வைத்தால் சரியாகிறது. அதற்கு மேல் வைத்தால் இலைகளுக்குப் போகும்.

இந்த லென்ஸில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதை மேனுவலில் வைத்தால்தான் வளையத்துக்கு இலைகள் கட்டுப்படும். பிற்காலத்து எம்42 லென்ஸ்கள் சிலவற்றில் அந்தச் சுவிட்ச் கிடையாது. அவற்றுக்குப் பின்பக்க ஊசியை அழுத்தும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர் வாங்க வேண்டும். கேனான் எஃப்டி லென்ஸ் என்றால் அடாப்டரிலேயே ஒரு பூட்டு வளையம் இருக்கும். நிக்கானின் 'ஏஐ' என்று பெயர் கொண்ட பழைய வகை லென்ஸ்களுக்கு ஒன்றும் வேண்டாம், கேமராவிலிருந்து கழற்றினாலே இலைகள் வளையத்தின் பேச்சைக் கேட்கும். ஆனால் நிக்கானும் கேனானும் ஃபோகஸை எதிரெதிர்த் திசையில் சுழற்றும். இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு அவசரத்தில் வேலை செய்வது சிரமம்.

டாக்குமார் லென்ஸ்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கும். கதிரியக்கத்தால் நாளடைவில் தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகிவிடும். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒயிட் பேலன்ஸில் நிறத்தைச் சரிக்கட்டலாம், இழந்த வெளிச்சம் வராது. புறஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் மெல்ல வெளுக்கும், வெயிலில் அலுமினியத் தாள் மேல் வைப்பது எளிய வழி. பக்கத்தில் திரைச்சீலை, காகிதம் எதுவும் இல்லாத இடமாகப் பாருங்கள். லென்ஸ் என்பது பூதக்கண்ணாடிதான், தீப்பிடிக்கும்.

கேமராவில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெனுவில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' என்பதை இயக்க வேண்டும், மின்தொடர்பு இல்லாத லென்ஸை லென்ஸாகவே கேமரா மதிக்காது. கூர்மையான விளிம்புகளை நிறம் போட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் நடுத்தரத்தில். முழுதாகத் திறந்த ஹீலியோஸ் கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் பீக்கிங் சில சமயம் ஏமாற்றும், பெரிதாக்கிப் பார்ப்பதை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 பிரேம், 1/50 ஷட்டர். தறிக்கூடத்து டியூப் லைட் அதில் துடிக்காது. வெளியே வந்தால் வேறு கதை: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/50 என்றால் கணக்குப்படி எஃப்/22 வேண்டும். எஃப்/2.8இல் எடுக்க, வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) குறைக்கும் கறுத்த கண்ணாடியான என்டி ஃபில்டர் தேவை. இரண்டு லென்ஸுக்கும் 49 மிமீ மரை. சிறிய மரையில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் 49-67 ஸ்டெப்-அப் வளையம் ஒன்று போட்டு ஒரே ஃபில்டரை இரண்டுக்கும் பயன்படுத்துகிறேன்.

பவானியில் திரும்ப எடுத்தது இந்தச் செட்டப்பில்தான். குழித்தறி அறைகள் இருட்டு, ஒரே சன்னல். டாக்குமார் 45 செமீ வரை கிட்டே போகும், நூலின் மேல் விரல் ஓடுவதைத் திரை நிறைய எடுக்க முடிகிறது. ஃபோகஸ் வளையத்தில் ஒட்டிய வெள்ளை டேப்பில் முகத்துக்கு ஒரு கோடு, கைக்கு ஒரு கோடு. நாடா எத்தனை முறை ஓடினாலும் கோட்டுக்குக் கோடு வந்து நிற்கிறது. 3டி பிரின்ட் செய்த 0.8 மாட்யூல் பல்வளையம் போட்டு, அதைப் பல்சக்கரத்தால் சுழற்றும் ஃபாலோ ஃபோகஸ் கருவியை மாட்டிய பிறகு, கேமராவைத் தொடாமலேயே திருப்ப முடிகிறது. சன்னலை எதிர்த்து எடுக்கும்போது ஹீலியோஸ் நிழல்களை வெளுக்க வைக்கும். சிலருக்குப் பிடிக்கும், எனக்கு முகம் தெரிய வேண்டும் என்பதால் ரப்பர் ஹூட் இல்லாமல் எடுப்பதில்லை. இணையத்தில் புகழ் பெற்ற அந்தச் சுழல் பின்னணி, இந்தச் சென்சார் ஓரங்களை வெட்டிவிடுவதால் பெரிதாக வராது. 0.71 மடங்கு சுருக்கும் ஸ்பீட்பூஸ்டர் வகை அடாப்டர் போட்டால் 58 மிமீ, 41 மிமீ ஆகி, ஒரு ஸ்டாப் வெளிச்சமும் சுழலும் திரும்பக் கிடைக்கும். மலிவான சுருக்கிகளின் கண்ணாடி லென்ஸின் கூர்மையைக் கெடுப்பதால் நான் இன்னும் வாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் இது தோதுப்படாது. இந்தக் கேமராவின் உடலுக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை. இந்தச் சிறிய சென்சாரில் 58 மிமீ, ஒன்றரை மடங்கு நெருக்கத்தில் 87 மிமீ போலத் தெரியும், கையில் பிடித்தால் ஆடும். ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் கட்டாயம். கல்யாண வேலை, ஓடுகிற பிள்ளைகள், கிம்பல், இவற்றுக்கு ஆட்டோஃபோகஸ்தான். அகலக் கோணத்துக்கும் பழைய லென்ஸைத் தேடாதீர்கள். 28 மிமீ கூட இங்கே 42 ஆகிவிடும், கிட் லென்ஸின் 16 மிமீ முனையை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு லென்ஸின் நிறமும் ஒன்றோடொன்று சேராது. லென்ஸ் மாற்றும்போதெல்லாம் கிரே கார்டில் ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள்கிறேன். முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால் ஒரே குடும்பத்தில் சேர்ப்பது நல்லது. டாக்குமார் 35, 55, 105, 135 என்று போனால் வளையத் திசையும் ஒன்று, பெரும்பாலானவற்றுக்கு ஃபில்டர் அளவும் அதே 49.

எனக்கு அடுத்து வர வேண்டியது 105 எஃப்/2.8. அந்த எடைக்கு மெல்லிய அடாப்டரை மட்டும் நம்ப முடியாது, கீழே 15 மிமீ கம்பியில் ஒரு தாங்கி வேண்டும். கணபதி பக்கத்து லேத் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இதைக் கட்டாயம் லேத்தில்தான் செய்ய வேண்டும் என்கிறார்.